இங்கிள்நுக் சைடிங்ஸைப் பெரிய அளவில் கட்டுவது எப்படி? (அப்பாவின் தோட்டத்து ரயிலுக்காக)

மெலிந்தாங்_மகன் (கேள்வி)

வணக்கம். ஊத்தான் மெலிந்தாங்கில் இருந்து எழுதுகிறேன். இங்கே ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

என்னிடம் ஒரு சின்ன மாதிரி ரயில் அமைப்பு இருக்கிறது. நான்கு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரே பலகை. 1:76 அளவு (நிஜத்தில் 76 இல் ஒரு பங்கு), 16.5 மி.மீ. அகலத் தண்டவாளம். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த இங்கிள்நுக் சைடிங்ஸின் வரைபடத்தை வைத்துக் கட்டியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டே பாயிண்ட் (தடம் பிரிகிற இடம்), மூன்று பக்கத்தடம். ஒரு தடத்தில் 5 வண்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் மொட்டைத் தடத்தில் எஞ்சினுக்கும் அதோடு 3 வண்டிக்கும்தான் இடம். மொத்தம் 8 வண்டி. எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்து வண்டிகளும் நீளத் தடத்தில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எட்டில் ஐந்தை வரிசையாக எடுத்தால் 6,720 விதமான ரயில் வரும். மூன்று வருடமாக ஆடுகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்கு 74 வயது. செம்பனைத் தோட்டத்து லைட் ரயிலில் வேலை செய்தவர். பதினேழு வயதில் கொக்கி மாட்டுகிற பையனாகச் சேர்ந்தார். நான்கு வருடம் கழித்து எஞ்சின் ஓட்டக் கொடுத்தார்கள். அதன்பின் 22 வருடம் எஞ்சின்தான். தோட்டத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு டிராக்டர் கொண்டுவந்த நாளிலிருந்து அவர் ரயிலைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. நான் இந்த அமைப்பைக் கட்டிய பிறகுதான் மாலை நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். "மூணாவது வண்டிய அந்தப் பக்கம் தள்ளு, அப்புறம் வா" என்பார். நான் பத்து நிமிடமாக யோசித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஆனால் அவரால் சொல்லத்தான் முடிகிறது, செய்ய முடியவில்லை. சர்க்கரை நோயால் விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று மங்கல். 1:76 வண்டியின் கொக்கி அவருக்குத் தெரிவதே இல்லை. தடம் விட்டு இறங்கிய வண்டியைத் திரும்ப ஏற்ற முயன்று, முடியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டதை ஒரு நாள் பார்த்தேன். அன்றிலிருந்து இதே யோசனைதான். இதே அமைப்பைப் பெரிய அளவில், அவர் கையால் ஓட்டுகிற மாதிரி கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1:43.5 (ஓ அளவு) என்றால் 1.75 மடங்கு. நான்கு அடி ஏழு அடியாகும். 1:22.5 என்றால் ஏறக்குறைய 3.4 மடங்கு, பதின்மூன்றரை அடி. எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவர் 11 அடி. அதில் கதவும் சாமி மேடையும் போக எட்டடிதான் மிச்சம். அப்படியென்றால் ஓ அளவு மட்டும்தான் கட்ட முடியும் என்று படுகிறது. ஆனால் ஓ அளவு எஞ்சின், பாயிண்ட் விலையைப் பார்த்தால் என் சம்பளத்துக்கு மலைப்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் 1.75 ஆல் பெருக்குவதுதான் வழியா? இதற்கு முன் இப்படிப் பெரிதாக்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கிள்ளான்_ஃபிட்டர்

வணக்கம் தம்பி. படித்ததும் மனசுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நானும் செம்பனை எண்ணெய் ஆலையில் இருந்தவன்தான், 31 வருடம்.

பெருக்கலில் ஒன்று கவனிக்கணும். நீளம் 1.75 மடங்கு என்றால் இடம் மூன்று மடங்கு, எடை ஐந்து மடங்குக்கு மேல். பலகைக்குக் கீழே போடுகிற சட்டம் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கணும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வாங்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஓரம் ஊதிப் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். நல்ல பிளைவுட் 12 மி.மீ., கீழே மெராந்திச் சட்டம், எல்லாப் பக்கமும் வார்னிஷ். கறையானுக்குக் கால்களின் அடியில் தகரத் தட்டு வைத்துவிடுங்கள்.

ஓ அளவில் கடையில் வாங்கும் பாயிண்ட் ஒன்றே நாற்பது சென்டி நீளம் வரும். இரண்டு வாங்கினாலே ஒரு நல்ல தொகை. இடமோ காசோ பற்றாது என்றால் இங்கிள்நுக்கிலேயே சின்ன வடிவம் உண்டு. 5-3-3 க்குப் பதில் 3-2-2. ஐந்து வண்டி, அதில் மூன்றை வரிசைப்படுத்தணும். 60 விதமான ரயில்தான் வரும், 6,720 இல்லை. அப்பாவுக்கு அது சீக்கிரம் சலித்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்பவர் என்கிறீர்கள்.

சுங்கை_சிப்புட்_டீச்சர்

வணக்கம் தம்பி. ஒரே ஒரு கேள்வி. அப்பா ஓட்டிய தடத்தின் அகலம் என்ன?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் ஆங்கிலேய ரயிலின் படத்தை எடுத்து அதைப் பெரிதாக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்கு வேண்டியது ஆங்கிலேய ரயில் இல்லையே. அளவு வேறு, தண்டவாள அகலம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பணம்தான் வீணாகும். கேடிஎம் (மலாயா ரயில்வே) ரயில் ஓடுவது 1 மீட்டர் அகலத் தடத்தில். தோட்டத்து லைட் ரயில் அதைவிட ஒடுக்கம். பல செம்பனைத் தோட்டங்களில் 70 சென்டி என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அதனால் அளந்து பார்ப்பது நல்லது.

அது 70 சென்டியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இப்போது இருக்கிற 16.5 மி.மீ. தண்டவாளத்தை 43.5 ஆல் பெருக்கிப் பாருங்கள். 718 மி.மீ. வரும். 18 மி.மீ. தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அதாவது உங்கள் பழைய தண்டவாளம், பழைய பாயிண்ட், பழைய மோட்டார் எல்லாம் அப்படியே 1:43.5 அளவுத் தோட்டத்து ரயிலுக்குப் பொருந்தும். மேலே இருக்கும் உடம்பை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். ஒடுக்கமான தடத்தைப் பெரிய அளவில் கட்டுகிற பலர் உலகமெங்கும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இங்கிள்நுக் என்பது அடிக்கணக்கில் இல்லை. 5, 3, 3, அப்புறம் மொட்டைத் தடத்தில் எஞ்சினும் 3 வண்டியும். இந்த எண்ணிக்கை மாறாமல் இருந்தால் அது இங்கிள்நுக். நான்கடியைப் பெருக்காதீர்கள். உங்கள் வண்டி ஒன்று எவ்வளவு நீளம் என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து பலகையின் நீளம் தானாக வரும். தோட்டத்து வண்டிகள் குட்டையானவை. நீங்கள் நினைப்பதைவிடப் பலகை சின்னதாக வரலாம்.

பள்ளியில் பிள்ளைகளோடு செய்யும்போது அட்டையில்தான் ஆரம்பிப்போம். காசு போடுவதற்கு முன் ஒரு வண்டியை அட்டையில் செய்து அப்பா கையில் கொடுத்துப் பாருங்கள்.

மெலிந்தாங்_மகன்

டீச்சர், ரொம்ப நன்றி. ஃபிட்டர் ஐயா, உங்களுக்கும். நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் அப்பாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன்.

தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பாதி இடித்தாயிற்று. காலையில் ஆள்கணக்கு எடுத்த பெரட்டுக் களத்தில் புல். ஆனால் பழைய ஆலைக்குப் பின்னால் சிமெண்டில் பதித்த தண்டவாளம் ஒரு இருபதடி அப்படியே இருக்கிறது. பெயர்க்க முடியாமல் விட்டிருக்கிறார்கள். காவலர் அப்பாவைத் தெரிந்தவர், உள்ளே விட்டார். டேப் வைத்து உட்புறத்திலிருந்து உட்புறம் அளந்தேன். சரியாக 70 சென்டி. தண்டவாளத்தின் உயரம் மூன்று அங்குலம். டீச்சர் சொன்னதுதான்.

அப்புறம் அப்பா என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மடப்பள்ளி விறகு அடுக்கியிருந்த இரும்புப் பெட்டியைக் காட்டி, "இதுதான் கேஜ்" என்றார். தண்டவாள அகலத்தைச் சொல்லும் கேஜ் இல்லை, குலை ஏற்றும் கூண்டு வண்டி. சக்கரம் இல்லை, தரை முழுக்கத் துரு. ஆனால் முழுசாக இருக்கிறது. சிறுவயதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து திருவிழா பார்த்திருக்கிறேன், அது ரயில் வண்டி என்று யாரும் சொன்னதில்லை. நீளம் எட்டடி, அகலம் நாலரை அடி. பக்கமெல்லாம் துளைகள். செம்பனைக் குலையோடு சேர்த்து ஸ்டெரிலைசர் என்ற அவிக்கும் கலனுக்குள் தள்ளிக் கதவை மூடி நீராவி விடுவார்களாம், நீராவி உள்ளே போகவும் தண்ணீர் வடியவும்தான் அந்தத் துளை. அப்பா ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்துக் காட்டினார்.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். 1:43.5 இல் ஒரு கேஜ் 5.6 சென்டி. கொக்கிக்கு ஒரு சென்டி. என் 1:76 ஆங்கிலேய வண்டி கொக்கியோடு எட்டரை சென்டி! அளவு பெரிதாகிறது, வண்டி குட்டையாகிறது. பழைய பாயிண்டையே வைத்துக்கொண்டால் முழு அமைப்பும் ஒரு மீட்டருக்குள் அடங்குகிறது. நான்கடிப் பலகையிலேயே இடம் மிஞ்சும். மூன்று தடவை சரிபார்த்தேன்.

இன்னொரு விஷயம். மதியம் சாப்பிட்டுவிட்டு இங்கிள்நுக் விதியை அப்பாவுக்கு மறுபடி சொன்னேன். சீட்டுக் குலுக்குவதைக் கேட்டுவிட்டு, "சீட்டு எதுக்கு?" என்றார். ஆலை முற்றத்தில் தினமும் இதே வேலைதான் நடந்ததாம். ஒரே நேரத்தில் தோட்டத்தின் நாலைந்து பிளாக்கிலிருந்து (பிரிவிலிருந்து) கேஜ் வரும். நேற்று மாலை வெட்டிய குலையும் இருக்கும், இன்று காலை வெட்டியதும் இருக்கும். பழைய குலை முதலில் உள்ளே போக வேண்டும். ஆனால் அது எப்போதும் பின்னால்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். அதை முன்னே கொண்டுவர எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டி வண்டிகளை மாற்றி மாற்றி நிறுத்துவது இவர் வேலை. கிராணி (தோட்டக் கணக்கர்) கேஜின் பக்கத்தில் சாக்கட்டியால் பிளாக் எண்ணும் நாளும் எழுதிவிடுவாராம், அதைப் பார்த்து வரிசைப்படுத்துவார். எந்த வரிசையில் தள்ளினால் எத்தனை நடை மிச்சமாகும் என்று மனக்கணக்காகவே வைத்திருந்திருக்கிறார். அவர் ஏன் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கிள்ளான்_ஃபிட்டர்

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குலை அடிபட்டு நேரமானால் பழத்திலிருக்கிற நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும், கொழுப்பு அமிலம் ஏறும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெயைத் தரத்தில் விற்க முடியாது. வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஸ்டெரிலைசருக்குள் போகணும் என்பதுதான் எங்கள் கணக்கு. 3 பார் நீராவியில் ஒன்றரை மணி நேரம் அவித்தால் நொதி செத்துவிடும், குலையிலிருந்து பழமும் சுலபமாக உதிரும். அதனால் கேஜ் வரிசை தவறினால் துரையே முற்றத்துக்கு இறங்கி வந்துவிடுவார். ஸ்டெரிலைசர் பக்கம் நின்ற எங்களுக்கு, அந்தப் பக்கம் எஞ்சின்காரர் இவ்வளவு கணக்குப் போடுகிறார் என்று தெரியாது. அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

5 வண்டித் தடத்தை ஸ்டெரிலைசர் தடமாக்கிவிடுங்கள். தடத்தின் முடிவில் வட்டக் கதவு. 3 வண்டித் தடம் ஒன்று தோட்டத்திலிருந்து வந்த கேஜுக்கு, இன்னொன்று காத்திருப்புக்கு.

கூலிம்_வயர்மேன்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லப் போகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டீச்சர் சொன்ன 16.5 மி.மீ. வழி அழகானது, சிக்கனமானது. ஆனால் அண்ணன் கேள்வியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்பாவால் வண்டியைத் தடத்தில் ஏற்ற முடியவில்லை, கொக்கி தெரியவில்லை. உடம்பு பெரிதானாலும் சக்கரமும் தண்டவாளமும் அதே 16.5 மி.மீ. தானே? தடம் இறங்கினால் ஏற்றுவது அதே கஷ்டம்தான். 5.6 சென்டி கேஜ் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் நீளம். மாத்திரை டப்பாவைத் திறக்கவே சிரமப்படுகிற கைக்கு அது போதுமா? என் அம்மாவுக்கும் சர்க்கரை, அதனால் சொல்கிறேன்.

1:22.5 ஐ மறுபடி பாருங்கள். பதின்மூன்றரை அடி என்று தள்ளிவிட்டீர்கள், அது பழைய பெருக்கல். டீச்சர் முறைப்படி எண்ணிக்கையிலிருந்து போவோம். 70 சென்டியை 22.5 ஆல் வகுத்தால் 31 மி.மீ. ஓ அளவுத் தண்டவாளம் 32 மி.மீ. பொருந்துகிறது. எட்டடிக் கேஜ் 10.8 சென்டி, கொக்கியோடு 11.8. எஞ்சின் பன்னிரண்டடி என்று வைத்தால் கொக்கியோடு 17. மொட்டைத் தடம் 17 + 35 = 52. இரண்டு பாயிண்டும் தாண்டி 3 கேஜ்: 80 + 35 = 115. நீளத் தடம் ஒரு பாயிண்டைத்தான் தாண்டுகிறது, அதனால் அது இதற்குள் அடங்கிவிடும். மொத்தம் 167. முட்டுக்கட்டைக்கும், பக்கத்துத் தடத்தில் உரசாமல் நிற்கிற இடைவெளிக்கும் ஒரு 15 சேர்த்துக்கொள்ளுங்கள். 182 சென்டி. சரியாக ஆறடி. உங்களிடம் எட்டடி இருக்கிறது.

மின்சாரத்தைத் தண்டவாளத்தில் விடாதீர்கள். எஞ்சின் உடம்பு 16 சென்டி நீளம் இருக்கும், 18650 வகை ரீசார்ஜ் பேட்டரி இரண்டு தாராளமாக உட்காரும். ஒரு சின்ன ரேடியோ கட்டுப்படுத்தி, என்20 என்ற குட்டிக் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 100 சுற்று. சக்கரம் 20 மி.மீ. என்றால் வினாடிக்குப் பத்து சென்டி ஓடும், நிஜத்தில் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் கணக்கு. முற்றத்தில் எஞ்சின் அந்த வேகத்தில்தானே போயிருக்கும்? ஈரத்தில் தண்டவாளம் கறுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிற வேலையும் மிச்சம். கட்டுப்படுத்தியின் குமிழை நல்ல பெரியதாக வைக்கலாம், பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரி.

சுங்கை_சிப்புட்_டீச்சர்

தம்பி சொல்வது சரி. நான் தண்டவாளத்தை மிச்சப்படுத்துவதிலேயே குறியாக இருந்துவிட்டேன், அப்பாவின் கையை நினைக்கவில்லை. மெலிந்தாங் தம்பி, இரண்டு அளவிலும் அட்டைக் கேஜ் செய்து அவரிடம் கொடுங்கள். எது என்று அவரே சொல்லட்டும்.

கிள்ளான்_ஃபிட்டர்

பேட்டரி என்றால் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை.

தண்டவாளத்தில் மின்சாரம் ஓடினால், பாயிண்டைக் கையால் செய்கிறவர்கள் செப்புத்தகடு ஒட்டிய பலகைத் துண்டுகளைத் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்குக் கட்டையாக வைத்துப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பை அரத்தால் அறுத்து இடைவெளி விடணும். ஒன்றை மறந்தாலும் ஷார்ட். பேட்டரிக்கு அந்தக் கவலையே இல்லை. பித்தளைப் பட்டையையே கட்டையாக வைத்து தண்டவாளத்தை நேராகப் பற்றவைத்துவிடலாம். தோட்டத்துத் தடத்தில் நிஜமாகவே இரும்புக் கட்டைதானே? மரக்கட்டையைக் கறையான் தின்றுவிடும் என்று இரும்பில்தான் போடுவார்கள். கையில் செய்வதற்கு எது சுலபமோ அதுதான் அசலைப் போலவும் இருக்கும், இப்படி அமைவது அபூர்வம்.

ஓ அளவுத் தண்டவாளக் கம்பி 3.15 மி.மீ. உயரத்தில் கிடைக்கும். நீங்கள் அளந்த மூன்று அங்குலத்தை 22.5 ஆல் வகுத்தால் 3.4. போதும், நன்றாக இருக்கும். பாயிண்ட் இரண்டையும் நீங்களே செய்யலாம். நாற்பது சென்டி வேண்டாம், வளைவைக் கொஞ்சம் இறுக்கி முப்பதில் முடிக்கலாம். நான்கு சக்கரக் கேஜ்தானே, வளையும். முதல் பாயிண்டுக்கு மூன்று நாள் ஆகும், இரண்டாவதுக்கு ஒரு நாள். 60 வாட் பற்றவைப்பான் வேண்டும். சின்னதில் பித்தளை சூடாகாது, ஈயம் உருண்டுவிடும். பற்றவைக்கும் முன் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுக்குங்கள். எந்தச் சந்தேகம் வந்தாலும் இங்கேயே எழுதுங்கள், இரவு ஒன்பதுக்கு மேல் பார்ப்பேன்.

கேஜ் துளைக்கு ஹார்டுவேர் கடையில் துளைபோட்ட அலுமினியத் தகடு கேளுங்கள். அளவுப்படிப் பார்த்தால் துளை அரை மி.மீ. தான் இருக்கணும், அது கிடைக்காது. ஒரு மி.மீ. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கண்ணுக்குத் துளை என்று தெரிவதுதான் முக்கியம்.

மெலிந்தாங்_மகன்

எல்லோருக்கும் வணக்கம். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

ரொட்டிப் பெட்டி அட்டையில் கேஜ் செய்தேன். 1:43.5 இல் மூன்று, 1:22.5 இல் மூன்று. பெரியதற்குச் சக்கரமாகத் தையல் பெட்டியிலிருந்து பொத்தான் வைத்தேன். கொக்கிக்குச் சின்னதில் மெல்லிய கம்பி. பெரியதில் அம்மாவின் பழைய கவரிங் சங்கிலியிலிருந்து மூன்று கண்ணி. சாப்பாட்டு மேசையில் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால் சின்ன கேஜ் மூன்றும் நான் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. பெரிய மூன்றும் மேசையின் ஓரமாக, ஒன்றோடொன்று சங்கிலி மாட்டி வரிசையாக நிற்கின்றன. அம்மா சொன்னார், காலையில் பூராவும் அதையே மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: 14, 9, 22. அவர் ஓட்டிய காலத்துப் பிளாக் எண்கள். 14 ஆம் பிளாக்கிலிருந்து வரும் வழியில் ஒரு மரப்பாலம் உண்டாம், மழைக்காலத்தில் அதைத் தாண்டி வரத் தாமதமாகும், அதனால் 14 இன் குலைக்கு எப்போதும் முதல் இடம் கொடுக்க வேண்டும் என்றார்.

அதனால் 1:22.5 தான். வயர்மேன் தம்பி, உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தானாக மாட்டிக்கொள்ளும் கொக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சங்கிலிதான் வேண்டுமாம். பதினேழு வயதில் அவர் செய்த வேலை அதுதானே.

விளையாட்டு விதியும் மாறிவிட்டது. சீட்டு இல்லை. எட்டுக் கேஜிலும் சாக்கட்டியால் எழுதுகிற மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பட்டை. பிளாக் எண், வெட்டிய நாள், காலையா மாலையா. நான் எழுதி என் இஷ்டத்துக்கு மூன்று தடத்திலும் கலைத்து நிறுத்துவேன். பழைய குலை ஐந்தையும் வரிசைப்படி ஸ்டெரிலைசர் கதவுக்கு முன்னால் அவர் கொண்டுவர வேண்டும். 5-3-3 அப்படியே இருக்கிறது. ஆலன் ரைட் போட்ட எண்ணிக்கையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வரைபடத்தை மட்டும் இடவலமாகத் திருப்பிவிட்டேன். ஆலையில் ஸ்டெரிலைசர் இடது கைப் பக்கம் இருந்ததாம், வலப்பக்கம் வைத்தால் மனசு ஒப்பவில்லை என்றார். திருப்பினாலும் புதிர் மாறாது என்று நினைக்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள். பலகையின் உயரம் 75 சென்டி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும், நின்றால் அவருக்குக் கால் வலிக்கும். அகலத்தை ஒன்றரை அடியாக்கினேன். அதற்கு மேல் போனால் பின்தடத்தில் சங்கிலி மாட்டக் குனிய வேண்டியிருக்கும்.

செம்பனை மரம் வைக்கலாமா என்று யோசித்தேன். பத்து மீட்டர் மரம் இந்த அளவில் 44 சென்டி. ஒன்றுக்கு மேல் வைத்தால் கையைத் தடுக்கும். அப்பாவிடம் கேட்டேன், ஆலை முற்றத்தில் மரமே கிடையாது, கரியும் சேறும்தான் என்றார். நல்லதாகப் போயிற்று.

இந்தச் சனிக்கிழமை தெலுக் இந்தானில் பிளைவுட் வாங்கப் போகிறேன். தண்டவாளக் கம்பிக்குச் சொல்லியாயிற்று. பித்தளைப் பட்டை ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரியே. முதல் பாயிண்டைப் பற்றவைக்கும்போது அப்பா பக்கத்தில் உட்காருகிறேன் என்றிருக்கிறார்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று. பாயிண்டைத் திருப்பும் நெம்புகோலின் முனையில் கனமான இரும்புக் குண்டு ஒன்று இருக்குமே, எங்கள் தோட்டத்தில் அதற்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தார்கள். இரவு நடையில் விளக்கு வெளிச்சத்தில் தெரிவதற்காக. கிள்ளான் பக்கத்தில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்று அவர் எப்போதோ கேட்டிருக்கிறாராம். ஃபிட்டர் ஐயா, உங்கள் ஆலையில் எப்படி இருந்தது?

கிள்ளான்_ஃபிட்டர்

எங்களிடமும் முழு வெள்ளைதான் தம்பி. சிவப்பு அடித்தது முட்டுக்கட்டையில். அப்பாவிடம் சொல்லுங்கள்.